இரவிவர்மாவும் அச்சேறிய காவியங்களும்

நம் நாட்டில் எழுத்தறியாதார் வீட்டுச் சுவரிலும் வியாசரையும் காளிதாசரையும் கொண்டுபோய் மாட்டியவர் ஒருவர் உண்டு. அவர் புலவர் அல்லர். புராணப் பிரசங்கியும் அல்லர். திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பிறந்து, 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் காலஞ்சென்ற ராஜா இரவிவர்மா என்னும் சித்திரக்காரரே அவர். அவர் பெயரை அறியாதாரும் அவர் கையை அறிவர். வேலூர்க் கடைவீதியில் கல்லாப்பெட்டிக்கு நேர் மேலே, தாமரையில் நின்று அருள் புரியும் இலக்குமியின் முகம் அவர் வகுத்த முகம். அன்றேல் அம்முகத்துக்கு மகள் முறையோ பேர்த்தி முறையோ ஆகவேண்டிய முகம். ஆயினும் நாம் இங்கு எழுதப் புகுந்தது தெய்வப் படங்களைப் பற்றியன்று. காவியத்தினின்றும் ஒரு கணத்தை மட்டும் பறித்தெடுத்துத் தீட்டி, முன்னதையும் பின்னதையும் பார்ப்பவர் நினைவுக்கே விட்டுவிடும் மற்றொரு வகைப் படங்களும் அவர் செய்தார். அவ்வகையைப் பற்றியும், அதை அச்சிலேற்றப் புகுந்ததனால் அவருக்கு நேர்ந்ததைப் பற்றியுமே சில சொல்ல விரும்புகிறோம்.

இவ்வகைச் சித்திரத்தில் கைதேர்ந்தவர்கள் என உலகம் கொண்டாடுவது ஜப்பானியரை. டோக்கியோ நகரம் எதோ என்று வழங்கப்பெற்ற காலத்தில், மரக்கட்டையில் செதுக்கிக் காகிதத்தில் ஒற்றியெடுத்த படங்கள் அந்நகரத்துச் சாமானிய மக்களுக்கு மலிந்த விலைக்குக் கிடைத்தன. வரைபவர் ஒருவர், கட்டையில் செதுக்குபவர் ஒருவர், மையிட்டு ஒற்றுபவர் ஒருவர், முதல் போட்டு விற்பவர் ஒருவர் என நால்வர் கூடிச் செய்த தொழில் அது. வண்ணந்தோறும் தனித்தனிக் கட்டை வேண்டும். 1765ஆம் ஆண்டளவில் இப்பல்வண்ண அச்சைச் சிறக்கச் செய்தவர் சுஸுகி ஹருநோபு என்பவர். சீன தேசத்து ஆற்றுப் பிரதேசம் ஒன்றின் எட்டுக் காட்சிகளைப் பாடுவதும் தீட்டுவதும் கீழ்நாடுகளில் நெடுநாளைய மரபு. மாலையில் ஒலிக்கும் கோயில் மணி, மணற்றிட்டில் இறங்கும் காட்டு வாத்துகள், கரை நோக்கித் திரும்பும் பாய்மரங்கள் முதலியன அவ்வெட்டில் அடங்கும். ஹருநோபு இவற்றுள் ஒன்றையும் வரைந்தாரில்லை. கோயில் மணி இருக்கவேண்டிய இடத்தில் வீட்டுக்குள் ஒரு கடிகாரத்தை வைத்தார். வாத்துக் கூட்டத்துக்கு மாறாக, நம் வீணையில் குதிரை என்று சொல்லுகிறோமே, அதுபோலத் தந்திகளைத் தாங்கிச் சாய்வரிசையில் நிற்கும் சிறு தாங்கிகளைக் காட்டினார். பாய்மரத்துக்கு மாறாகக் கொடியில் தொங்கும் துவாலை. பழைய பாட்டை அறிந்தவன் படத்தைக் கண்டு புன்னகை செய்வான். அறியாதவனுக்கு வீட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் மட்டும் தெரிவர். படம் ஒன்றே, பார்ப்பவர் இருவர். அவ்விருவர் காண்பவையும் இருவேறு படங்கள்.

இரவிவர்மா ஜப்பானியரிடம் பாடம் கேட்டவர் அல்லர். அவர் பயின்றது ஐரோப்பியத் தைல வர்ணம். ஆயினும் சொல்லாமல் விடுவதே சொல்லும் வழி என்ற அந்த இரகசியத்தை அவரும் கண்டுகொண்டார். கண்டுகொண்ட இடம் அவர் வீடு என்றே நாம் கருதுகிறோம். தந்தையார் ஏழுமாவில் நீலகண்ட பட்டதிரிப்பாடு வடமொழி வல்லவர். தாயார் உமாம்பா தம்புராட்டி, பார்வதி சுயம்வரம் என்னும் துள்ளல் பாட்டை இயற்றியவர். கதகளியும் துள்ளலும் புராணப் படிப்பும் ஓயாது நடந்த இல்லம். கரியால் சுவரில் கிறுக்கிய பிள்ளையை அடியாமல் உட்காரவைத்துச் சித்திரம் கற்பித்தவர் தாய்மாமனாகிய இராஜராஜ வர்மா. தஞ்சாவூர் முறையில் தேர்ந்தவர். பதினான்காம் வயதில், 1862இல், மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன்னிலையில் நிறுத்தினார்.

அரண்மனையில் தைல வர்ணம் அறிந்தவர் மதுரையிலிருந்து வந்த இராமசாமி நாயக்கர். இளைஞனின் கைத்திறனைக் கண்டு அவர் அஞ்சினார் போலும். தொழில் இரகசியத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். அவருடைய மாணாக்கரான ஆறுமுகம் பிள்ளை என்பவர் ஆசானுக்குத் தெரியாமல் வந்து தாம் அறிந்ததைச் சொல்லிக்கொடுத்தார் என்பர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியர் மகாராஜாவின் உருவப்படம் தீட்ட வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டுகையில் அருகே நின்று பார்க்க மட்டும் இடங்கொடுத்தார். இளைஞர் நின்று பார்த்தார். அவ்வளவே அவர் பெற்ற கல்வி. சித்திரக் கலாசாலையின் வாயிலையும் மிதியாதவர், 1873இல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றார். மல்லிகைச் சரத்தைக் கூந்தலில் சூடும் நாயர் பெண்ணின் படம் அது. அவ்வாண்டே அப்படம் வியன்னா நகரத்துக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது.

காவியச் சித்திரக்காரராக அவரை உலகம் அறிந்தது 1876இல். சகுந்தலை தாமரையிலையில் துஷ்யந்தனுக்கு ஓலை எழுதும் படத்தை அவ்வாண்டு சென்னைக்கு அனுப்பினார். அதற்கும் பதக்கம் கிடைத்தது. அந்நாள் சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். காளிதாசர் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மானியர் வில்லியம்ஸ் என்னும் வடமொழிப் பேராசிரியர் தம் நூற்பதிப்பு ஒன்றின் முகப்பில் இப்படத்தைச் சேர்த்தார். மறைமலையடிகள் சாகுந்தலத்தைத் தமிழாக்கி வெளியிட்டது 1907இல் என்பதை இங்கே நினைவு கூரலாம். அந்நூலைக் கையிலெடுத்த தமிழருள் பலர், பெண்ணின் முகத்தை முன்னரே கண்டிருந்து, சொல்லைப் பின்னர்ப் படித்தவராயிருந்திருப்பர்.

இப்படத்தில் துஷ்யந்தன் இல்லை. நாம் சொல்லவந்ததன் உயிர்நிலை இதுவே. சகுந்தலை இலைமேல் கை வைத்துச் சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறாள், தோழியர் உடனிருக்கின்றனர், அவள் யாரை நினைக்கிறாளோ அவன் சீலைக்கு வெளியே நிற்கிறான். நாடகம் அறிந்தவர் அவனை மரத்தின் மறைவில் கொண்டுவந்து நிறுத்திக்கொள்வர். இன்னும் அறிந்தவர், எழுதியனுப்பிய அன்பை மறக்கப்போகும் அரசனையும், துருவாசரின் சாபத்தையும், மீன் விழுங்கப்போகும் மோதிரத்தையும் இந்த அமைதியான இலைக்குப் பின்னால் காண்பர். சித்திரக்காரர் தீட்டியது ஒரு நாழிகைப் பொழுது. பார்ப்பவன் காண்பது ஏழு அங்கம்.

காலில் தர்ப்பை தைத்ததென்று பாவனை செய்து சகுந்தலை திரும்பிப் பார்க்கும் மற்றொரு படத்திலும் அப்படியே. பார்க்கப்படுபவன் அங்கில்லை. 1899இல் தீட்டிய அன்னமும் தமயந்தியும் என்னும் படத்தில், செம்பட்டுடுத்த தமயந்தி மாடத்தில் நின்று அன்னத்தின் சொல்லைக் கேட்கிறாள். நளன் இல்லை, அவன் பெயர் மட்டும் பறவையின் அலகில் இருக்கிறது. புகழேந்தியின் நளவெண்பாவைப் பள்ளியில் ஓதிய நம்மவர்க்கு அன்னம் என்ன சொல்லுகிறதென்று படத்தின் கீழே எழுதிக் காட்ட வேண்டுவதில்லை. இராவணன் சடாயுவின் சிறகை வெட்டும் படத்தில் சீதை கண்ணை மறைத்துக்கொள்கிறாள். இராமன் எங்கோ மானின் பின்னே போயிருக்கிறான்.

யாவரும் வந்து நிறைந்திருக்கும் படங்களும் இரவிவர்மா பல செய்தார். சீதை பூமிக்குள் இறங்கும் படம் அத்தகையது. அதில் நாடகக் கொட்டகையின் கடைசிக் காட்சி போல எல்லாரும் நின்று வியக்கின்றனர். நமக்கு வியப்பதற்கு இடமில்லை. ஆளொருவர் குறைவாயுள்ள படங்களே அவருடைய படங்களிற் சிறந்தவை என்பது எம் கருத்து. இதை மறுப்பாரும் இருக்கலாம். மறுப்பவர் இரண்டு வகையையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராக.

இனி, இவை அச்சேறிய வரலாறு. 1880இல் ஆயில்யம் திருநாள் காலமாகிய பின், அடுத்த மன்னரோடு இரவிவர்மாவுக்கு மனத்தாங்கல் உண்டாயிற்று. அரண்மனை நிழலை விட்டு அவர் வெளியே பார்க்கலானார். அக்காலத்துக்கு உதவியவர் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் திவானாயிருந்து, பின் பரோடாவின் திவானாய் விளங்கிய தஞ்சாவூர் மாதவராவ். அவர் அழைப்பின்மேல் 1881இல் பரோடா சென்று சாயாஜிராவ் மன்னர்க்குப் படங்கள் தீட்டினார். நாடெங்கும் படங்களுக்கு விருப்பம் மிகுந்திருப்பதை மாதவராவ் கண்டார். ஒரு கை எத்தனை தீட்ட முடியும்? சிறந்த சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி எண்ணெய் வண்ண அச்சில் பல்லாயிரமாகப் பெருக்குமாறு அவர் யோசனை சொன்னார். அந்த விதை முளைக்கப் பத்தாண்டுகள் சென்றன.

1888இல் பரோடா அரண்மனைக்காக இதிகாசப் படங்கள் பதினான்கு செய்ய ஏற்பட்டது. பாரதத்து மாந்தர் என்ன உடுத்தினர் என்பது பெரிய வினாவாயிற்று. இரவிவர்மா தம் இளவல் சி. இராஜராஜ வர்மாவுடன் வடநாடெங்கும் சுற்றினார்; தேசம் முழுவதற்கும் பொதுவான புராதன உடை என ஒன்று அகப்படவில்லை. முடிவில் பெண்களுக்குப் புடைவையே பொது உடையாக அமைந்தது. திரௌபதியும் தமயந்தியும் மராட்டியப் பெண்ணைப் போலச் சேலை கட்டி வந்து நம் மனத்தில் நின்றுவிட்டது இங்ஙனமே. 1890இல் அப்படங்கள் திருவனந்தபுரத்திலும் பின் பரோடாவிலும் பம்பாயிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதிற்று. மன்னர் ஒருவர் சுவருக்காகச் செய்தவற்றைத் தம் வீட்டுச் சுவருக்கும் விரும்பினோர் எண்ணற்றோர். 1893இல் சிக்காகோ நகரத்து உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் அனுப்பிப் பதக்கம் பெற்றார். மறு ஆண்டு, 1894இல், பம்பாயில் தமது கல்லச்சுக் கூடத்தைத் திறந்தார். யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. தொழிலறிந்தவர்களும் அங்கிருந்தே வந்தனர்.

கல்லச்சின் இயல்பை இங்கே சிறிது சொல்லுதல் தகும். ஸெனெபெல்டர் என்னும் ஜெர்மானியர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ட முறை இது. பவேரியா நாட்டுச் சுண்ணக்கல்லை வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் பசையுள்ள மையால் வரைவார்கள். பிறகு நீரால் நனைத்தால், வரைந்த இடம் நீரை ஏற்காது. வரையாத இடம் ஏற்கும். அச்சு மையை உருட்டினால், நீருள்ள இடம் மையைத் தள்ளும். பசையுள்ள இடம் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள பகையே இதன் முழு இரகசியம். செதுக்க வேண்டுவதில்லை என்பதே ஜப்பானியக் கட்டைக்கும் இதற்கும் வேற்றுமை; வண்ணந்தோறும் தனிக்கல் வேண்டுமென்பது இரண்டுக்கும் ஒற்றுமை. முகத்தின் ஒரு செம்மைக்கு ஒரு கல், நிழலுக்கு ஒரு கல், சேலைக்கு ஒரு கல் எனப் பலமுறை அச்சேறிய பின்னரே ஒரு தமயந்தி வெளிவருவாள். ஒரு கல் மயிரிழை பிசகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களினின்றும் வரும் நம் மாணவர்களுக்கு இதில் ஒரு தனிச்சுவை உண்டு. கல்லின்மேல் மையைப் பரப்பும் உருளைக்கு அந்நாளில் தோலே போர்வை. அதிலும் மயிர் இருந்த புறத்தை உள்ளே வைத்து, சதை இருந்த புறத்தை வெளியே காட்டித் தைப்பார்கள். அப்புறத்தின் மெல்லிய சிலும்பல் மையைப் பட்டுப்போல் தாங்கிக் கல்லின்மேல் சீராக விடும். கையால் இயக்கும் கல்லச்சில் காகிதத்தை அழுத்தும் மரச்சட்டத்தின் விளிம்பிலும் ஒரு தோல்வார் உண்டு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமாகும் தோலை நாள்தோறும் காணும் நாம், செருப்பையும் சேணத்தையுமே அதன் பயனாக எண்ணுகிறோம். படத்துக்கு மையூட்டியதும் தோலே.

கூடத்திலிருந்து முதன்முதல் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு. மேனகை குழந்தையை ஏந்தி நிற்க, விசுவாமித்திரர் கையை உயர்த்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தந்தை ஏற்க மறுத்த இக்குழந்தையைப் பின்னொருநாள் கணவனும் சபை நடுவே மறுக்கப்போகிறான். கதை தெரிந்தவன் கண்ணுக்கு அந்த ஒரு கை இரண்டு மறுப்பாகத் தெரியும். முதற்படமாக இலாபம் தரும் இலக்குமியை விடுத்து இதனை வெளியிட்டது வியாபாரத்துக்கு ஏற்றதோ அன்றோ. சித்திரக்காரரின் உள்ளம் எங்கிருந்தது என்பது விளங்குகிறது.

படங்கள் நம் பக்கத்துக்கு வந்தபோது அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே காத்திருந்தனர். வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் அக்கினி வசந்தத்தை அறியாதார் யார்? பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, இடையே அர்ச்சுனன் தபசு மரம் ஏறுதல், கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. ஓர் எழுத்தும் அறியாத உழவன் விராட பருவம் முழுவதையும் கேட்டு முடித்தவன். அவன் முன்னே, மன்னியின் ஏவலால் பாத்திரம் ஏந்தி, கீசகன் மாளிகைக்குப் போக அஞ்சி நிற்கும் சைரந்திரியின் படத்தை வைத்தால், கீசகனைக் காட்டவேண்டியதில்லை. வீமன் மறைந்திருக்கும் மண்டபத்தையும் காட்டவேண்டியதில்லை. கூத்து அவன் காதில் இருக்கிறது. மனைவியை விற்கும் அரிச்சந்திரன் படத்தில் அவள் பெயர் வடநாட்டில் தாராமதி; நம்மவர் அவளைச் சந்திரமதி என்றே அழைத்துக் கண்ணீர் விடுவர். எதோ நகரத்துப் படம் வாங்குவோர்க்கு நாடகக் கொட்டகை எப்படியோ, அப்படியே நம் பக்கத்தார்க்குக் கூத்துக் களரி.

மற்றொன்றும் சொல்லாமல் விடுதற்கில்லை. பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் நின்று உழைத்தவருள் பெரும்பாலோர், கோயிலுக்குள் காலடி வைக்க அனுமதிக்கப்படாத குலத்தினர். கோபுரத்தைத் தூரத்தில் நின்று தொழுவதே அவர்க்கு விதிக்கப்பட்டிருந்தது. கருவறையில் இருப்பவர் எத்தகைய முகத்தினர் என்பதை அவர்கள் கண்டதில்லை. அச்சிட்ட காகிதத்துக்கு அந்த விலக்கு இல்லை. காசு கொடுத்தவன் வீட்டுக்கு அது வந்தது. சரசுவதியும் சீதையும் குடிசைச் சுவரில் வந்து நின்றனர். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு ஏற்பட்டது 1939இல். அதற்கு மூன்றாண்டு முன்னர், 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், திருவிதாங்கூரின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டவர் சித்திரைத் திருநாள் மகாராஜா. அவர் யார்? இரவிவர்மாவின் பேர்த்தியருள் இருவர் 1900இல் அவ்வரச குடும்பத்துக்குச் சுவீகாரமாகச் சென்றனர். அவருள் ஒருவரின் மைந்தர். பாட்டனார் காகிதத்தால் செய்ததைக் கொள்ளுப்பேரர் ஆணையால் செய்தார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பாட்டனார் சீர்திருத்தம் செய்யவென்று அச்சுக்கூடம் வைத்தவர் அல்லர். படம் பரவவேண்டும் என்பதே அவர் நோக்கம். வைக்கத்திலும் பிற இடங்களிலும் போராடி அடிபட்டவர்களின் புகழைக் காகிதத்துக்குக் கொடுத்துவிடலாகாது.

அச்சுக்கூடம் அவருக்குச் செல்வம் கொடுக்கவில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடினர், வேலை நின்றது. லோனாவ்லாவுக்கு அருகே மலைப்பக்கத்தில் மாளவ்லி என்னும் இடத்துக்குக் கூடத்தை மாற்றினர். பொறுப்பு முழுவதும் தமையனுக்காக உழைத்த இராஜராஜ வர்மாவின் தலையில் விழுந்தது. அவரும் நல்ல சித்திரக்காரர். இயற்கைக் காட்சிகளில் தேர்ந்தவர். தமையனின் பல படங்களில் பின்னணி தீட்டியவர் அவரே. கடன் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடம் பிரிட்ஸ் ஷ்லைகர் என்னும் ஜெர்மானியத் தொழிலறிஞருக்கு விற்கப்பட்டது. படங்களை அச்சிடும் உரிமையும் அதனோடு போயிற்று. நாட்டில் இரவிவர்மா படம் இல்லாத வீடு அரிதாகிக்கொண்டிருந்த அக்காலத்தில், அப்படங்களிலிருந்து வரும் பணம் இரவிவர்மாவுக்கு உரியதன்று. தீப்பெட்டியிலும் துணிமூட்டைச் சீட்டிலும் அவர் மோகினியும் இலக்குமியும் ஏறி ஊர் சுற்றினர்.

கற்றோர் உலகமும் இதற்குள் அவரைக் கைவிடத் தொடங்கிற்று. தரையில் சாய்ந்து ஓலை எழுதும் சகுந்தலையின் கிடப்பு நாகரிகமன்று என்று நிவேதிதா அம்மையார் எழுதினார். ஹாவெல் துரையும் ஆனந்த குமாரசுவாமியும் இவர் முறை மேனாட்டுப் போலி என்றனர். இவர்களை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. இவருடைய மாந்தர் சில இடங்களில் அரிதாரம் பூசிய நடிகர்போல் நிற்பது மெய். ஒரு முகத்தைப் பல்லாயிரம் முறை அச்சிட்டதனால் வேறு முகத்தைக் கற்பிக்கும் உரிமையை நம் மனம் இழந்தது என்பதும் மெய்யே. கம்பன் நூறு சொல்லால் சீதையின் உருவை நாமே எழுதிக்கொள்ள விடுகிறான், இரவிவர்மாவோ எழுதியே கொடுத்துவிட்டார். ஆனால் ஒன்று வேடிக்கை. அவரை மேனாட்டுக்கு அடிமை என்று பழித்த வங்காளச் சித்திரக்காரர் தாம் வழிகாட்டியாகக் கொண்டது ஜப்பானை. ஒககுரா என்னும் ஜப்பானிய அறிஞர் 1902இல் கல்கத்தா வந்தார். மறு ஆண்டில் தைகான் முதலிய ஓவியர்கள் வந்தனர். அவனீந்திரநாத தாகூர் அவர்களிடம் நீர்வண்ண நயம் கற்றார். அந்த ஜப்பானிலோ, ஏழைகளின் சுவருக்காக அச்சிட்ட மலிந்த படங்களைச் சொந்த நாட்டார் நெடுங்காலம் கலையென்றே மதிக்கவில்லை. மேனாட்டார் வாங்கிக் கொண்டாடிய பின்னரே அவற்றுக்கு ஏற்றம் வந்தது. இரவிவர்மா கூடம் திறப்பதற்கு இரண்டாண்டு முன், 1892இல், யோஷிதோஷி என்னும் கடைசிப் பெரிய கட்டையச்சுக்காரர் இறந்தார். சந்திரனை வைத்துப் பழங்கதைகளையும் பாட்டுகளையும் குறிப்பிக்கும் நூறு படங்களை அவ்வாண்டுதான் அவர் முடித்திருந்தார். ஒருவர் விட்ட தொழிலை மற்றொருவர் அறியாமலே ஏற்றுக்கொண்டதுபோல் இருக்கிறது.

1904இல் அரசாங்கம் இரவிவர்மாவுக்குக் கைசர்-ஐ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. மைசூர் மகாராஜா தம் அரண்மனைக்கு ஒன்பது படங்கள் வேண்டினார். அந்த வேலை நடந்துகொண்டிருக்கையில், 1905 ஜனவரியில், தம்பி இராஜராஜ வர்மா காலமானார். ஐம்பத்தாறு வயதில், நீரிழிவு நோயோடு, இருபதாண்டுகளுக்கு மேலாக ஒரே சீலையின் முன் உடன் நின்ற கை இல்லாமல், தமையனார் எஞ்சிய படங்களைச் செய்து முடித்தார். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், பின்னணியில் இருக்கும் கடலையும் மேகத்தையும் நாம் சற்று நின்று பார்க்கிறோம்.

1906இல் அவர் மறைந்தபோது சுப்பிரமணிய பாரதியார் ஓவியர்மணி என்று போற்றி இரங்கற்பா எழுதினார். கற்றோர் சிலர் பழித்த காலத்தில் ஒரு பெருங்கவி செய்த மரியாதை அது. விற்கப்பட்ட அச்சுக்கூடத்தில் பிற்காலத்தில் பணியாற்றியவருள் ஒருவர் தாதாசாகேப் பால்கே. அரிச்சந்திரன் கதையை 1913இல் அசையும் படமாக எடுத்து நாட்டுச் சினிமாவுக்குத் தந்தையானவர் அவரே. அதன்பின் சகுந்தலை திரைக்குப் போனாள், 1940இல் எம். எஸ். சுப்புலட்சுமி அவள் வேடம் பூண்டார். கோவில்பட்டிக் கொண்டைய ராஜுவும் அவர் மாணாக்கரும் சிவகாசி அச்சகங்களுக்காகத் தெய்வங்களை வரைந்தனர். தெய்வங்கள் காலண்டரில் தங்கினர். சகுந்தலையும் சைரந்திரியும் மெல்ல மெல்ல மறைந்தனர். பொருள் தெரிந்து பார்ப்பவர் குறையக் குறைய அவர்களுக்கு விற்பனை இல்லாமற்போனது இயல்பே. அண்மையில் நம் மாணவர் சிலரிடம் அன்னமும் தமயந்தியும் படத்தைக் காட்டினோம். பறவையோடு ஒரு பெண் என்றார் பலர். ஆம்பூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் மட்டும், தம் பாட்டியார் சொன்ன கதையென்று, அன்னத்தைப் பிடித்த நளன் அதனை விட்டதிலிருந்து தொடங்கிச் சுயம்வரம் வரையிற் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் மறுபடி படத்தின் பக்கம் திரும்பினர். ஒருவர் நளன் எங்கே என்று கேட்டார்.

மாளவ்லி அச்சுக்கூடம் 1972இல் தீப்பற்றி எரிந்தது. மூலச் சித்திரங்கள் பரோடாவிலும் மைசூரிலும் திருவனந்தபுரத்திலும் உள்ளன. திருவனந்தபுரம் செல்லும் நண்பர்கள் அங்குள்ள அருங்காட்சிச் சாலை வளாகத்தில் தமயந்தியைக் காணலாம். செம்பட்டுச் சேலையின் நிறம், அச்சில் நாம் கண்டதைவிடச் சற்று ஆழமானது.